முந்நூறு கிலோமீட்டர் போகும் (கல்வராயன் மலை நீங்கலாக)

நம்ம ஊர்ல எந்த வண்டி வாங்கினாலும் முதல் கேள்வி ஒண்ணுதான். "லிட்டருக்கு எவ்ளோ குடுக்குது?" கலர் நல்லாருக்கா, பிரேக் பிடிக்குதா, இதெல்லாம் அப்புறம். இப்ப பச்சை நம்பர் பிளேட் போட்ட வண்டியை டீக்கடை ஓரமா நிறுத்தினா அதே கேள்வி கொஞ்சம் உருமாறி வருது. "ஒரு தடவை சார்ஜ் போட்டா எவ்ளோ தூரம் போகும் தம்பி?"

வண்டி வாங்கின புதுசுல நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு "முந்நூறுக்கு மேலண்ணே" என்பேன். ரெண்டு மாசம் கழிச்சு, "முந்நூறுன்னு போட்டிருக்கான், அது வந்துண்ணே..." என்று இழுத்தேன். இப்பல்லாம் திருப்பிக் கேள்வி கேக்குறேன். "எங்க போகணும்? எத்தனை பேரு? ஏசி போடுவீங்களா? நடுவுல மலை உண்டா?" கேட்டவர் ஏன்டா கேட்டோம்னு டீ கிளாஸை வச்சுட்டுப் போயிடுறார்.

ஆனா அந்த நாலு கேள்விக்குள்ளதான் மொத்த விஷயமும் இருக்கு. இதை நான் சும்மா ஆராய்ச்சிக்காக எழுதலை. சித்தப்பா பையன் ஒருத்தன், கச்சிராயபாளையம் பக்கம் இருக்கான். பாலிடெக்னிக் முடிச்சுட்டு நாலு வருஷமா அடுத்தவன் வண்டிக்கு டிரைவர் வேலை. கடன் போட்டு சொந்தமா ஒரு எலக்ட்ரிக் கார் வாங்கி கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் வாடகைக்கு ஓட்டப்போறேன்னு நிக்கிறான். அவனோட மாசத் தவணைக் கணக்கு முழுக்க முழுக்க விளம்பரத் தாள்ல அச்சடிச்சிருந்த அந்த ஒரு எண்ணு மேலதான் நின்னுட்டிருந்தது. என்னோட வண்டியில அந்த எண் தப்பினா எனக்கு ஒரு மணி நேரம் வீணாகும், ஒரு டீ கூடக் குடிப்பேன். அவனுக்கு வீட்டுப் பத்திரம் போகும்.

என் வண்டியைப் பத்தி ரெண்டு வரி. எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, சொல்லமாட்டேன். இரண்டாம் கையா வாங்கினது. 30 கிலோவாட் மணி பேட்டரி. கிலோவாட் மணின்னா பயப்பட வேணாம், நம்ம கரண்டு பில்லுல வர்ற "யூனிட்" அதேதான். ஆக முழுசா ரொப்பினா 30 யூனிட். சான்றிதழ்ல முந்நூத்துச் சொச்சம் கிலோமீட்டர். நான் மேடவாக்கத்துல குடியிருந்து ஓஎம்ஆர்ல பொட்டி தட்டுறவன். தினசரி 30 கிலோமீட்டர் போய்வர இந்த வண்டி தங்கம். வாரம் ஒரு நாள் சார்ஜ் போட்டா போதும். அதனால அந்த எண் உண்மையா பொய்யான்னு ரொம்ப நாள் யோசிக்கவே இல்லை. யோசிக்க வச்சது ஊருக்குப் போற வழி.

சரி, இந்த எண் எங்கருந்து வருது? யாரோ ஒரு புண்ணியவான் சென்னையில கிளம்பி முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பாத்து எழுதினதுன்னு நீங்க நினைச்சா (நானும் அப்படித்தான் நினைச்சேன்) அது கிடையாது. வண்டியை ரோட்டுக்கே கொண்டுபோறதில்லை. புனேல இருக்கிற ஏஆர்ஏஐ மாதிரியான சோதனைக் கூடத்துல உருளைங்க மேல ஏத்தி நிறுத்துவாங்க. ஜிம்முல ட்ரெட்மில் இருக்கே, அது மாதிரி. சக்கரம் சுத்தும், வண்டி நகராது. எந்த நொடியில எவ்வளவு வேகம்னு ஒரு அட்டவணை உண்டு. எம்ஐடிசின்னு பேரு, இந்தியாவுக்காக மாத்தியமைச்ச ஓட்டச் சுற்று. ஐரோப்பாவுல முன்னாடி வச்சிருந்த என்இடிசியை எடுத்து நம்ம ரோட்டுக்குன்னு வேகத்தைக் குறைச்சு வச்சது.

அதுல ரெண்டு பாகம். முதல் பாகம் ஊருக்குள்ள ஓட்டுறது: 195 நொடி, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், அதிகபட்ச வேகம் 50. இதையே நாலு தடவை. சராசரி போட்டா மணிக்கு 19 கிலோமீட்டர் கூட வராது. ரெண்டாம் பாகம் ஊருக்கு வெளிய: 400 நொடி, அதிகபட்சம் 90, அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். ஏசி போடமாட்டாங்க. எதிர்க்காத்து இல்லை, மேடு இல்லை, பின்சீட்டுல அத்தை இல்லை, டிக்கியில அரிசி மூட்டை இல்லை. பேட்டரி தீர்ந்து இனி அட்டவணையோட ஈடுகொடுக்க முடியலைங்கிற வரைக்கும் இந்தச் சுற்றையே ஓட்டி வர்ற தூரம்தான் அச்சாகுற தூரம்.

நம்ம தொழில்ல ஒரு வழக்கம் உண்டுல்ல, "என் மெஷின்ல ஓடுதே சார்!" அதேதான் இது. டெஸ்டிங்ல பாஸ், புரொடக்‌ஷன்ல வெள்ளிமலை.

இதுல இன்னொரு வேடிக்கை. இந்திய கம்பெனிகள் பல வருஷமா முதல் பாகத்துல, அதாவது ஊருக்குள்ள மெதுவா உருட்டுற சுற்றுல மட்டும் வந்த எண்ணைத்தான் பெருசா போட்டாங்க. எலக்ட்ரிக் வண்டிக்கு ஊருக்குள்ள ஓட்டுறதுதான் லட்டு. பெட்ரோல் வண்டி மாதிரி நெடுஞ்சாலையில நல்ல மைலேஜ், டவுன்ல மோசம்ங்கிற கதையே தலைகீழ். வேகம் குறைஞ்சா காத்து தடுக்காது, பிரேக் போடுறப்பல்லாம் கொஞ்சம் கரண்டு பேட்டரிக்குத் திரும்பும். 2024 கடைசி வாக்குலதான் ரெண்டு பாகமும் சேர்ந்த எண்ணைச் சொல்ல ஆரம்பிச்சாங்க. சொன்னதும் என்ன ஆச்சு? டாட்டா நெக்ஸான் 30 யூனிட் மாடல் 325லருந்து 275க்கு இறங்கிச்சு. டாட்டா கர்வ் 55 யூனிட் மாடல் 2024 ஆகஸ்ட்ல வந்தப்ப 585. ரெண்டு பாகமும் சேத்தா 502. வண்டி அதே, பேட்டரி அதே, கூட்டல் மட்டும் வேற.

டாட்டாவை ஒரு விஷயத்துல பாராட்டணும். அவங்களே சி75ன்னு இன்னொரு எண்ணையும் சொல்றாங்க. வண்டி வாங்கினவங்கள்ல நூத்துக்கு 75 பேருக்கு நிஜமா கிடைக்கிற தூரம். மேல சொன்ன கர்வுக்கு அது 400லருந்து 425. நெக்ஸான் 30 யூனிட்டுக்கு 210லருந்து 230. அதாவது ஒரே வண்டிக்கு மூணு எண். 325, 275, 210. இதுல எது பொய்? எதுவுமே பொய்யில்லை. அதான் பிரச்சனையே. பொய்யா இருந்தா கேஸ் போட்டு ஜெயிச்சிடலாம்.

கேஸ் போட்டும் பாத்தாங்க. 2020 ஜனவரியில நெக்ஸான் முதல்ல வந்தப்ப அதுக்கு 312 கிலோமீட்டர்னு ஏஆர்ஏஐ சான்று. டெல்லியில ஒருத்தர் வாங்கி, எனக்கு 200 கூட வரலைன்னு அரசாங்கத்துக்கிட்ட புகார் குடுத்தார். டெல்லி அரசு 2021 மார்ச் ஒண்ணாம் தேதி அந்த வண்டிக்கான மானியத்தை நிறுத்தி வச்சது. மானியம் ஒண்ணும் சில்லறை இல்லைங்க, ஒரு வண்டிக்கு ஒன்றரை லட்சம் வரைக்கும். கம்பெனி ஹைகோர்ட்டுக்குப் போச்சு, அதே மாசம் கோர்ட்டு அந்த உத்தரவுக்குத் தடை போட்டது. நான் கோர்ட்டு பக்கம்தான். சோதனை முறையை வகுத்தது ஒருத்தர், சான்று குடுத்தது இன்னொருத்தர், எல்லாக் கம்பெனியும் அதே முறையிலதான் எண் வாங்குறாங்க, அப்புறம் ஒரு வண்டியை மட்டும் பிடிச்சு நிறுத்தினா என்ன நியாயம்? ஆனா புகார் குடுத்தவர் கேட்டது சரியான கேள்வி. அவர் கேட்டு மூணு வருஷம் கழிச்சுத்தான் ரெண்டாம் பாகமே தாள்ல ஏறுச்சு.

இது நம்ம ஊரு வியாதி மட்டுமில்லை. டெஸ்லா மேல தென்கொரியாவோட வணிக ஆணையம் 2023 ஜனவரியில 285 கோடி வான் அபராதம் போட்டது. குளிர்ல தூரம் எவ்வளவு குறையும்னு வாங்குறவங்ககிட்ட சொல்லலைங்கிறதுக்காக. அவனுக்குக் குளிரு. நமக்கு மே மாசத்து உளுந்தூர்பேட்டை.

உளுந்தூர்பேட்டைன்னதும் ஊருக்குப் போன கதைக்கு வந்துடுறேன்.

மேடவாக்கத்துலருந்து எங்க வீட்டுக்கு 230 கிலோமீட்டர். நூறு சதவீதம் ரொப்பிக்கிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினேன். திரையில 240ன்னு காட்டுச்சு. தாள்ல முந்நூறு, திரையில 240, தூரம் 230. போயிடலாமேன்னு தோணுமா தோணாதா? ஜிஎஸ்டி ரோட்டைப் பிடிச்சு செங்கல்பட்டு தாண்டினதும் எல்லாரும் போற வேகத்துல, 95லருந்து 100 வரைக்கும் போனேன். ஏசி உண்டு. மேல்மருவத்தூர் வர்றப்பவே திரைக்கு வேர்க்க ஆரம்பிச்சிடுச்சு. விக்கிரவாண்டிகிட்ட வந்தப்ப ஓடினது 130, மிச்சம் 33 சதவீதம். அதாவது 20 யூனிட்டுல 130. முழு பேட்டரிக்குக் கணக்குப் போட்டா 195. அதுவும் கடைசிச் சொட்டு வரைக்கும் உறிஞ்சினா.

ஏன் இப்படின்னா, காத்து. வண்டியைக் காத்து பின்னாடி தள்ளுற விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும் (பிளஸ் டூ பிசிக்ஸ், மறந்திருந்தா பரவால்லை). 80லருந்து 100க்குப் போறது வேகத்துல கால் பங்கு கூடுதல்தான். காத்தோட தடை ஒன்றரை மடங்குக்கு மேல. சோதனைச் சுற்று எட்டியே பாக்காத வேகம் அது.

ஏசி விஷயத்துல நான் நினைச்சிருந்தது தப்புன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது. ஹைவேல ஏசி பெரிய திருடன் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட் தின்னுதுன்னு வச்சுக்குங்க. அந்த ஒரு மணியில நீங்க 80 கிலோமீட்டர் போயிருப்பீங்க, பரவி ஒண்ணுமில்லாமப் போயிடும். அதே ஏசி பெருங்குடி சிக்னல்ல மணிக்கு 20 போறப்ப? அந்த ஒரு யூனிட்டுல 20 கிலோமீட்டர்தான் நகர்ந்திருப்பீங்க. வண்டி நகரத் தின்னுறதுல பாதி அளவை ஏசி தின்னுடும். ஆக டவுன்லயும் அந்தப் பெரிய எண் வராது. ஹைவேல காத்து, டவுன்ல ஏசி. எங்கதான் வரும்? டவுன் ரோட்டுல ஏசி இல்லாம, தனியா, கண்ணாடியை ஏத்திவிட்டுட்டு வேர்க்க வேர்க்க ஓட்டினா வரும்.

விக்கிரவாண்டியில முதல் துப்பாக்கி வேலை செய்யலை (சார்ஜர் முனையை துப்பாக்கின்னுதான் சொல்றாங்க, நான் என்ன பண்ண), ரெண்டாவதுல எனக்கு முன்னாடி ஒரு குடும்பம். காத்திருந்து, நாப்பது நிமிஷம் போட்டு 80 சதவீதத்துல கழட்டினேன். 80க்கு மேல சார்ஜ் ஏறுற வேகம் படுத்துடும், ஒரு லிட்டர் தண்ணியில கடைசி மடக்கைக் குடிக்கிறதுக்கு அரை மணி ஆகுற மாதிரி. இங்கதான் யாரும் சொல்லாத இன்னொரு கணக்கு இருக்கு. பத்து சதவீதத்துக்குக் கீழ யாரும் தைரியமா ஓட்டமாட்டாங்க, 80க்கு மேல யாரும் ரோட்டோரம் காத்திருக்கமாட்டாங்க. அப்ப ரெண்டு சார்ஜருக்கு நடுவுல கையில இருக்கிறது 70 சதவீதம். 30 யூனிட்டுல 21 யூனிட். நெடுஞ்சாலை வேகத்துல 140 கிலோமீட்டருக்குள்ள. தாள்ல இருக்கிறதுல பாதி கூட இல்லை. ஊர் ஊரா போறவனுக்கு இதுதான் எண். இதை எந்தத் தாள்லயும் நான் பாத்ததில்லை.

வீட்டுக்குப் போய்ச் சேந்தப்ப மணி பத்தரை, பேட்டரி 28. அப்பா கேட்ட முதல் கேள்வி, "பஸ்ஸுல வந்திருந்தா ஒன்பதுக்கு வந்திருப்பல்ல?"

மறுநாள் அப்பாவோட பழைய மரவள்ளி யாவாரக் கூட்டாளி வீட்டுக் கல்யாணம், வெள்ளிமலையில. தெரியாதவங்களுக்கு: கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையில ஒரு துண்டு. இந்தப் பக்கம் கள்ளக்குறிச்சி மாவட்டம், அந்தப் பக்கம் கருமந்துறை, அது சேலம் மாவட்டம். சின்னக் கல்வராயன் ஏறக்குறைய 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி உயரம்னு சொல்லுவாங்க. கச்சிராயபாளையம் வந்து கோமுகி அணையைத் தாண்டினதும் மலைப்பாதை ஆரம்பிச்சிடும். ஊட்டி, ஏற்காடு மாதிரி கூட்டம் கிடையாது. மேகம் அருவி, பெரியார் அருவின்னு தண்ணி வர்ற காலத்துல மட்டும் ஞாயித்துக்கிழமை பைக்குங்க வரும். மத்த நாள்ல மலையாளி பழங்குடி மக்கள் கீழ டவுனுக்கும் மேலயும் போய்வர்ற போக்குவரத்துதான். சந்தை, தாலுக்கா ஆபீஸ், சிறுவங்கூர்ல இருக்கிற மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. தம்பி ஓட்டணும்னு ஆசைப்படுறது இந்தச் சவாரியத்தான்.

எங்க வீட்டு வாசல்லருந்து 42 கிலோமீட்டர். அப்பா, அம்மா, தம்பி, நான். ராத்திரி முழுக்க 15 ஆம்ப் பிளக்குல போட்டு 97 சதவீதம். திரையில 215. அணை வரைக்கும் சுமுகம். அப்புறம் மலை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் எண் சரசரன்னு இறங்குது. 180... 160... 140... "டேய், ஓட்டை ஏதாச்சும் விழுந்திருக்கா பாரு"ன்னு அப்பா. வெள்ளிமலையில வண்டியை நிறுத்துறப்ப பேட்டரி 67 சதவீதம். திரையில 105. காலையில 215 காட்டினது, 42 கிலோமீட்டர் ஓடினதும் 105. அம்மா வாய்விட்டே கேட்டுட்டாங்க, "திரும்பிப் போயிடுவமாடா?"

திரைக்கு ஒரு பழக்கம். இப்ப கடைசியா எப்படித் தின்னோமோ அப்படியே தின்னுக்கிட்டே போவோம்னு நம்பும். மலை ஏறி முடிச்ச வண்டிக்கு உலகமே ஏத்தமாத்தான் தெரியும். பயப்படாம கணக்குப் பாத்தா விஷயம் எளிமை. மாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டு தண்ணி ஏத்துறோமில்ல, அதே கணக்கு. வண்டியும் நாலு பேரும் சேத்து 1,700 கிலோ. அதை 700 மீட்டர் உசரத்துக்குத் தூக்கணும்னா 3.2 யூனிட். மோட்டார்ல, கியர்ல வீணாகுறதைச் சேத்தா மூணே முக்கால் வாக்குல. சமதரையில அந்த மூணே முக்கால் யூனிட்டுக்கு 28 கிலோமீட்டர் போயிருக்கலாம். அவ்வளவுதான் மலையோட கூலி. அதுலயும் பாதிக்கு மேல இறங்குறப்ப திரும்பக் கிடைக்கும்.

கிடைச்சது. சாயங்காலம் இறங்குறப்ப காலை ஆக்சிலேட்டர்லருந்து எடுத்துட்டு உக்காந்திருந்தேன், வண்டி தானா இழுத்துப்பிடிச்சு இறங்குது, பிரேக் சூடாகலை, திரையில எண் ஏறுது. 105லருந்து ஏறி ஏறி அணைகிட்ட 180 தாண்டிடுச்சு. அப்பா முகத்தைப் பாக்கணுமே! பெட்ரோல் வண்டியில அறுபது வருஷமா எவனும் பாக்காத அதிசயம், மலை இறங்கினா டேங்க் ரொம்புது. வீட்டுக்கு வந்தப்ப 57 சதவீதம். போக வர 84 கிலோமீட்டர், 40 சதவீதம். அப்ப முழு பேட்டரிக்கு 210. அந்த சி75 எண்ணுதான், அச்சு அசலா! மலை மொத்தத் தூரத்தை ரொம்பக் குறைக்கலை. ஏறுறப்ப வயித்தைக் கலக்கிட்டு இறங்குறப்ப சமாதானம் பேசுது.

நான் அதோட விட்டிருப்பேன். தம்பி விடலை. ராத்திரி நோட்டுப் புத்தகத்தை எடுத்துட்டு வந்துட்டான்.

"ண்ணா, ஒரு நடை 84. நான் மூணு நடை போட்டுருக்கேன். 252. முந்நூறு போகும்னு ஷோரூம்ல கியாரண்டின்னு சொன்னாங்க. அதான் தவணை கட்டினாலும் கையில நிக்கும்னு கணக்குப் போட்டேன்."

எந்த ஷோரூம்னு நான் எழுதலை, அந்தப் பையனும் பாவம், தாள்ல போட்டதைத்தான் சொல்லியிருப்பான். ஆனா பாருங்க, முந்நூறுக்கும் 252க்கும் நடுவுல ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் இடைவெளி விட்டுத்தான் தம்பி போட்டிருக்கான். அசட்டுக் கணக்கு இல்லை, ஜாக்கிரதையான கணக்கு. மாசம் ரெண்டு லட்சம் சம்பளம் வாங்குற நானே வாங்குறப்ப இவ்வளவு யோசிக்கலை. ஜாக்கிரதையா கணக்குப் போட்டவனையும் கவுக்குற எண் எப்படி "அதிகாரப்பூர்வ" எண்ணாகும்?

ஞாயித்துக்கிழமை என் வண்டியை அவன்கிட்டயே குடுத்து ஒத்திகை பாத்தோம். வாடகை வாங்கலை, வாங்கவும் கூடாது, என்னுது சொந்த உபயோக வண்டி, பச்சைப் பலகையில வெள்ளை எழுத்து. வாடகை வண்டின்னா பச்சையில மஞ்சள் எழுத்து வேணும். எலக்ட்ரிக் வாடகை வண்டிக்குப் பர்மிட்டு வேணாம்னு மத்திய அரசு 2018லயே விலக்கு குடுத்திருக்கு, அதுவும் தம்பிக்குத் தெரிஞ்சிருக்கு. சொந்தக்காரங்க, சிநேகிதங்கன்னு நாலு பேரை ஏத்திக்கிட்டு காலையில அஞ்சரைக்கு நூறு சதவீதத்தோட கிளம்பினான். முதல் நடை முடிஞ்சு 60. ரெண்டாவது நடையில வெயில் ஏறிடுச்சு, ஏசி கூட்டினாங்க, டிக்கியில ரெண்டு புளி மூட்டை வேற. மதியம் பன்னிரண்டுக்கு வீட்டு வாசல்ல 17 சதவீதம்.

மூணாவது நடை? 17 சதவீதத்துல மலை ஏற வாய்ப்பே இல்லை.

அவன் ஒண்ணும் பேசலை. 17ன்னு எழுதி அடியில கோடு போட்டான். சாப்பிட்டு வர்றதுக்குள்ள வண்டியைப் பிளக்குல மாட்டி, மூணரை மணிக்கு வந்து பாத்தா 50. வீட்டு 15 ஆம்ப் பிளக்குல மணிக்கு மூணு யூனிட்தான் ஏறும். கிளம்பிட்டான். திரும்பி வந்தப்ப மணி ஏழேகால், பேட்டரி 9. அந்த ஒம்போது சதவீதத்துல கீழ்த்தட்டுல ஆமை படம் வந்து உக்காந்திருக்கு. "இறங்கறப்ப ஏசியை அணைச்சுட்டேன்ணா" என்றான். அன்னைக்குச் சொந்தக்காரங்க, சரி. நாளைக்கு அதுவே ஆஸ்பத்திரிக்கு இறங்குற ஒரு அம்மாவா இருந்தா? வேற வழியில, தியாகதுருகம் வரைக்கும் விட்டுடு தம்பின்னு கேட்டா?

பெட்ரோல், டீசல் வண்டிக்கும் இதே கூத்துதானேன்னு கேப்பீங்க. உண்மைதான். லிட்டருக்கு 80ன்னு சொல்லி வித்த பைக்குல 55 வாங்கினவங்கதான் நாமெல்லாம். ஆனா மைலேஜ் தப்பினா பர்ஸ் கரையும், அஞ்சு கிலோமீட்டர்ல இன்னொரு பங்க் வரும். ரேஞ்ச் தப்பினா வண்டி நிக்கும். நான் போனப்ப மலைமேல ஒரு விரைவு சார்ஜர் கூட என் கண்ணுல படலை. கல்யாண வீட்டுல கிரைண்டர் பிளக்குல மாட்டிப் பாத்தேன், சார்ஜர் பெட்டியில சிவப்பு விளக்கு. எர்த்து இல்லைன்னா அது கரண்டையே எடுக்காது. எடுக்காம இருக்கிறதும் நல்லதுதான், உயிர் முக்கியம். ஆனா மலைமேல எத்தனை வீட்டுல ஒழுங்கா எர்த்து இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

அதனால என் கட்சி என்னன்னா, சோதனையே தப்புன்னு நான் சொல்லலை. எல்லா வண்டியையும் ஒரே தராசுல நிறுக்க உருளைச் சோதனை வேணும். ரெண்டு வண்டியில எது மேல்னு ஒப்பிட அந்த எண் நல்ல எண். எவ்வளவு தூரம் போவேன்னு திட்டம் போடத்தான் அது உதவாது. அமெரிக்காக்காரனும் உருளையிலதான் ஓட்டுறான், ஓட்டிட்டு வர்ற தூரத்தைப் பெரும்பாலும் 0.7 ஆல பெருக்கிக் குறைச்சுத்தான் வண்டி கண்ணாடியில ஒட்டுறான். ஐரோப்பா 2017லருந்து பழைய என்இடிசியைக் கழட்டிவிட்டுட்டு டபிள்யூஎல்டிபிக்கு மாறிடுச்சு. அரை மணி நேரச் சுற்று, வேகம் 130 வரைக்கும் போகும். அவங்க வேணாம்னு வச்சதோட ஒண்ணுவிட்ட தம்பியை நாம இன்னும் மடியில வச்சிருக்கோம்.

நமக்கு வேண்டியது ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. 90லயே நிலையா, ஏசி போட்டு, நாலு ஆள் எடையோட எவ்வளவு தூரம்? இந்த ஒரு எண்ணைப் பெரிய எழுத்துல போடட்டும். சோதனைக் கூடத்து எண் கீழ சின்ன எழுத்துல இருந்துட்டுப் போகட்டும். இப்ப அது அப்படியே தலைகீழா இருக்கு. சி75 மாதிரி எண்ணை எல்லாக் கம்பெனியும் கட்டாயமா போடணும்னு ஆக்கினா இன்னும் நல்லது. வண்டிங்க எல்லாம் இன்டர்நெட்டோட பேசிக்கிட்டே இருக்கு, யாரு எங்க எவ்வளவு ஓட்டினாங்கன்னு அவங்க கையில கணக்கு இருக்கு. ஆனா சி75லயும் ஒரு சின்ன ஓட்டை: அந்த 75 பேர் யாரு? பெரும்பாலும் என்னை மாதிரி டவுன்ல ஆபீசுக்குப் போறவங்களாத்தான் இருக்கும். கச்சிராயபாளையத்துல வாடகைக்கு ஓட்டுறவன் மிச்சம் 25ல மாட்டிக்கிட்டா அவனுக்கு அது ஆறுதல் இல்லை.

"எலக்ட்ரிக் வண்டியே ஏமாத்து"ன்னு கிளம்புற கோஷ்டிக்கு இதை ஆதாரமா குடுத்துடாதீங்க. அன்னைக்கு மூணு நடை, 252 கிலோமீட்டருக்கு ஆன கரண்டு சார்ஜர்ல வீணாகுறதைச் சேத்து 42 யூனிட்டுக்குள்ள. யூனிட்டுக்கு எட்டு ரூபாய்னு வச்சுக்கிட்டாலும் 340 ரூபாயைத் தாண்டலை. டீசல்ல அந்தக் காசுக்கு ஒரு நடை முடியாது. தம்பி கணக்குல லாபம் நிஜமாவே இருக்கு. மூணு நடைன்னு நினைச்சது, ரெண்டும், மதியம் மூணரை மணி நேரக் காத்திருப்பும், நெஞ்சு படபடப்போட ஒண்ணும்னு ஆயிடுச்சு. அதை முதல்லயே தாள்ல பாத்திருந்தா பெரிய பேட்டரி வண்டியைப் பாத்திருப்பான், இல்ல தவணையை நீட்டியிருப்பான், இல்ல வேணாம்னே விட்டிருப்பான். எதுவானாலும் அவன் முடிவா இருந்திருக்கும்.

இன்னும் அட்வான்ஸ் கட்டலை. போன புதன்கிழமை ஆபீஸ்ல ஆணி தலைக்கு மேல இருக்கிறப்ப போன் பண்ணினான். வெள்ளிமலை பஸ் நிக்கிற இடத்துக்கிட்ட டீக்கடைக்காரர் ஒருத்தரைப் பேசி வச்சிருக்கானாம். நடைக்கு நடை மேல ஒரு மணி நேரம் வண்டி சும்மாதான் நிக்குது, அந்த நேரத்துல அவர் கடையில பிளக் போட்டுக்க மாசம் இவ்வளவுன்னு குடுத்துடுறதா யோசனை.

"அதெல்லாம் பேசிட்டேன்ணா. நீ ஒண்ணு மட்டும் சொல்லு. எர்த்துக்குக் குழி எத்தனை அடி தோண்டணும்? அங்க நாலு அடியிலயே பாறை வந்துடுதாம்."